நம் பங்கின் வரலாற்றை எழுதியவர்கள்

(பொன்விழா ஆண்டின் தொடக்க நாளன்று, திருப்பலிக்குப் பின் ஆலய முற்றத்தில் நடைபெற்ற கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



தனிப் பங்காகி ஐம்பது ஆண்டுகள் நிறைவதை முன்னிட்டு, "சாமி, நம்ம பங்கோட வரலாற்றைப் பத்திப் பேசுங்க" என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் திகைத்தேன். குருமடத்தில் நான் படித்த திருச்சபை வரலாறு பாப்பரசர்களின் வரலாறு, பொதுச் சங்கங்களின் வரலாறு, பெரிய ஆலயங்களின் வரலாறு. நம்மிடம் இருப்பதோ ஒரு சிறு ஆலயம், அதைச் சுற்றிக் கொஞ்சம் வீடுகள், மலையடிவாரத் தோப்புகளிலும் மானாவாரிக் காட்டு ஊர்களிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் குடும்பங்கள். பெரிய திருவிழாக் கூட்டம் கிடையாது. புதுமை நடந்த தலம் என்று யாரும் தேடி வருவதும் கிடையாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பங்கிற்கு என்னை அனுப்பிய ஆணை வந்தபோது எனக்கு மகிழ்ச்சி இல்லை. "இத்தனை குறைந்த குடும்பங்களுக்கு ஒரு குருவா?" என்று மனதிற்குள் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு எப்படித் தவறிப் போனது என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நம் கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறு தூரத்தின் வரலாறு. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே வருசநாட்டு மலையும் மேகமலையும். இரண்டு சுவர்களுக்கு நடுவே நீண்டு கிடக்கும் ஒரு சந்து போன்ற பூமி. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-ல் இருப்புப் பாதை வந்தது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010-ன் இறுதியில் ஓட்டம் நின்ற அந்த இரயில் தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும்தான் திரும்பி வந்தது. ஆனால் உத்தமபாளையத்திற்கும் கம்பத்திற்கும் கூடலூருக்கும் இன்றுவரை இரயில் இல்லை. இருபத்தோராம் நூற்றாண்டிலேயே நிலைமை இது என்றால், குதிரை மேலும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் குருக்கள் வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள்.

நம் விசுவாசத்தின் வேர் பழைய மதுரை மறைப்பணித் தளத்தில் இருக்கிறது. 1595-ல் கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகளார் மதுரையில் பணி தொடங்கினார். 1606-ல் தத்துவ போதகர் என்று நாம் போற்றும் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் வந்தார். அவர் வழியில் அருளானந்தர் வந்தார். 1693-ல் ஓரியூரில் இரத்தம் சிந்தினார். 1711-ல் வீரமாமுனிவர் மதுரைத் தளத்திற்கு வந்தார். இந்தப் பெயர்களை நம் வீட்டுப் பிள்ளைகளும் மறைக்கல்வி வகுப்பில் ஒப்பிப்பார்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்தத் தளம் கன்னடச் சீமை எல்லையிலிருந்து தெற்கே பாண்டிய நாடு வரை பரந்து கிடந்தது. அதில் பணிபுரிந்த குருக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு குரு ஓர் ஊருக்கு ஆண்டில் ஒரு முறை வந்தாலே பெரிது. மீதி நாட்களில் அந்த ஊர் மக்களுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தவர் யார்? சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் யார்? இறந்தவரைச் செபம் சொல்லி அடக்கம் செய்தவர் யார்? பங்காளிச் சண்டையைத் தீர்த்து வைத்துவிட்டு, பாவசங்கீர்த்தனத்திற்கு மக்களை ஆயத்தம் செய்தவர் யார்?

உபதேசியார்தான்!

வீரமாமுனிவர் தேம்பாவணி பாடியவர், சதுரகராதி தொகுத்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். அத்தகைய பேரறிஞர் "வேதியர் ஒழுக்கம்" என்று ஒரு நூல் எழுதினார். யாருக்காக எழுதினார்? அரசர்களுக்காக அல்ல, புலவர்களுக்காகவும் அல்ல. ஊர் ஊராக நடந்த உபதேசியார்களுக்காக எழுதினார். அவர்கள் எப்படி வாழ வேண்டும், எப்படிப் போதிக்க வேண்டும் என்று அதில் சொன்னார். தாம் இல்லாத நாளில் திருச்சபை யார் தோளில் நிற்கிறது என்பதை அந்த மாமுனிவர் நன்கு அறிந்திருந்தார்.

அந்தத் தோள்களுக்குச் சோதனையும் வந்தது. 1759-ல் போர்த்துக்கல் அரசு இயேசு சபையினரைத் தன் நாட்டிலிருந்து துரத்தியது. கோவா வழியாக வந்துகொண்டிருந்த உதவி அறுந்தது. 1773-ல் பாப்பரசர் பதினான்காம் கிளமெண்ட் இயேசு சபையையே கலைத்துவிட்டார். இருந்த முதிய குருக்கள் ஒருவர்பின் ஒருவராகக் கண்ணை மூடினார்கள். புதுச்சேரியிலிருந்து வந்த சில குருக்களும் கோவாவைச் சேர்ந்த குருக்களும் தங்களால் இயன்ற மட்டும் பார்த்துக்கொண்டார்கள். 1837-ல்தான் ஜோசப் பெர்த்ராந்து அடிகளார் உள்ளிட்ட நான்கு பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் புதுச்சேரி வந்து சேர்ந்து, மதுரைத் தளத்திற்கு மறுபடியும் உயிர் கொடுத்தார்கள்.

1773-க்கும் 1837-க்கும் இடையே எத்தனை ஆண்டுகள்? அறுபத்து நான்கு! ஏறத்தாழ மூன்று தலைமுறை. பல ஊர்களில் ஒருவர் பிறந்து, மணமுடித்து, பேரன் பேத்தி எடுத்து, இறந்தும் போயிருப்பார். குருவின் முகத்தைப் பார்த்த நாட்களோ மிகச் சில. ஆயினும் புதிய குருக்கள் வந்தபோது இங்கே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். விளக்கேற்றி வைத்துச் செபமாலை சொன்ன பாட்டிகளும், மந்திரங்களை மனப்பாடமாகப் பிள்ளைகளுக்கு ஊட்டிய உபதேசியார்களும் அந்த விசுவாசத்தைக் காத்து வைத்திருந்தார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

வந்த குருக்களின் நிலைமையும் எளிதல்ல. காலராவும் காய்ச்சலும் அவர்களில் பலரை இளமையிலேயே கொண்டுபோயின. ஆட்சி எல்லை பற்றிய பிணக்கு வேறு. கோவா குருக்கள் ஒரு பக்கம், உரோமை அனுப்பிய குருக்கள் ஒரு பக்கம் என்று கிறிஸ்தவர்கள் இரண்டுபட்டார்கள். 1886-ல் உரோமைக்கும் போர்த்துக்கலுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையால்தான் அந்தப் பிணக்கு பெரும்பாலும் தணிந்தது.

அதே 1886-ல் நம் பள்ளத்தாக்கின் தலையெழுத்தை மாற்றிய மற்றோர் உடன்படிக்கையும் கையெழுத்தாயிற்று. திருவிதாங்கூருக்கும் சென்னை அரசுக்கும் இடையிலான பெரியாற்று உடன்படிக்கை அது. பென்னிகுக் அவர்களின் தலைமையில் 1887-ல் தொடங்கிய அணை வேலை 1895-ல் முடிந்தது. மேற்கே கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது. அந்தக் காட்டில் மலேரியாவுக்கும் காலராவுக்கும் பலியான தொழிலாளிகள் நூற்றுக்கணக்கானோர். பென்னிகுக் பெயரை நாம் நன்றியோடு பொங்கல் பானைக்கு முன் சொல்கிறோம். 2013-ல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது. ஆனால் கல் சுமந்து செத்தவன் பெயரை யார் சொல்கிறார்கள்?

தண்ணீர் வந்த பின் நெல் விளைந்தது, தென்னை வந்தது, வாழை வந்தது. மானாவாரிப் பூமிகளிலிருந்து பிழைப்புத் தேடி மக்கள் வந்தார்கள். மலைமேல் ஏலத் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் ஆட்களை அழைத்தன. நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒரே இடத்தில் கூடி நிற்காமல் சிதறிப் போனதற்கு இதுவே காரணம். வேலை எங்கேயோ அங்கே குடிசை. குடிசை எங்கேயோ அங்கே ஒரு மாதா படம்.

நம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-ல் ஒரு பிரெஞ்சுக் குருவானவரால் இந்தத் திராட்சை தமிழகத்திற்கு வந்தது என்று அப்போது செய்தித்தாள்களில் எழுதினார்கள். அந்தக் குருவின் பெயரை மட்டும் யாரும் எழுதவில்லை. எனக்கு அது பொருத்தமாகவே பட்டது. கொடி வைத்தவன் பெயர் மறைந்துபோனது. கொடியோ இன்னும் காய்க்கிறது.

1938 சனவரியில் திருச்சி மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து மதுரை தனி மறைமாவட்டம் ஆயிற்று. பீட்டர் லெயோனார்டு ஆண்டகை முதல் ஆயரானார்கள். 1953-ல் அது உயர்மறைமாவட்டமாக உயர்ந்தது. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற பெரிய கிறிஸ்தவ ஊர்கள் இந்தப் பள்ளத்தாக்கின் தூண்களாக நின்றன. நம்மைப் போன்ற கிளை ஊர்களுக்குத் தாய்ப்பங்கிலிருந்து சாமியார் மாதம் ஒரு தடவை வருவார். மழைக் காலத்தில் அதுவும் இல்லை. அந்நாளில் பூசை இலத்தீனில் நடக்கும். மக்கள் செபமாலை சொல்லிக்கொண்டு இருப்பார்கள். சாமியார் கிளம்பிய பிறகு மறுபடியும் உபதேசியார்தான். இந்த முற்றத்தில் கூரைக் கொட்டகை நின்ற காலத்தில் மணி கூடக் கிடையாது என்றும், தொங்கவிட்ட இரும்புத் துண்டு ஒன்றைத் தட்டித்தான் உபதேசியார் ஆட்களைக் கூட்டுவார் என்றும் பெரியவர்கள் எனக்குச் சொன்னார்கள். அதைச் சொன்ன ஒரு பெரியவர், "அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு சாமி" என்றார்.

நம் பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பல இரவுகள் புரட்டிப் பார்த்தேன். கரையான் தின்றது போக மிஞ்சிய பக்கங்களில் ஒரு குறிப்பு திரும்பத் திரும்ப வருகிறது: "மரண ஆபத்தில் உபதேசியாரால் கொடுக்கப்பட்டது." குருவின் கையெழுத்து அடியில் இருக்கிறது. கொடுத்த உபதேசியாரின் பெயரோ பல இடங்களில் இல்லை. காய்ச்சல் கண்ட வீட்டுக்கு இருட்டில் நடந்து போய்த் தண்ணீர் ஊற்றிய மனிதரின் பெயர் எழுதப்படவில்லை. அந்தப் பதிவேட்டைப் படித்தபோது நான் வெட்கப்பட்டேன்.

இன்னொரு நாள் அதைவிட அதிகமாக வெட்கப்பட்டேன். நான் வந்த முதல் ஆண்டு, ஐப்பசி மழை. ஞாயிறு மாலை மலையடிவாரக் கிளை ஊரில் பூசை வைக்க வேண்டும். ஓடையில் தண்ணீர் வந்திருக்கும், யாரும் வரமாட்டார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு போகாமல் இருந்துவிட்டேன். மறுநாள் மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன். எல்லா வீட்டாரும் கோயிலுக்கு வந்து நெடுநேரம் காத்திருந்திருக்கிறார்கள். பிறகு ஒரு மூதாட்டி எழுந்து செபம் சொல்ல, ஒரு சிறுமி அன்றைய வாசகத்தை வாசித்திருக்கிறாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாய் சொன்னார்: "மழை பேஞ்சா நீங்க வரமாட்டீகன்னு தெரியும் சாமி. அதுக்காக ஞாயித்துக்கிழமை வராமப் போயிருமா?"

குருமடத்தில் பல ஆண்டுகள் படித்த எனக்கு, எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய் ஒரே வாக்கியத்தில் திருச்சபை என்றால் என்ன என்று பாடம் நடத்திவிட்டார்.

வரலாறு என்றால் குறையையும் சொல்ல வேண்டும். பழைய மதுரைத் தளத்தில் உயர்சாதியாருக்கு ஒரு குரு, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று பிரித்து வைத்துப் பணி செய்தார்கள். அந்தக் காலத்தின் கட்டாயம் என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். விளக்கம் எதுவாயினும் அந்தப் பிரிவினையின் கசப்பை நாம் இன்னும் முழுவதும் துப்பிவிடவில்லை. நம் பங்கிலும் தனித்தனி வரிசையில் உட்கார்ந்த காலம் உண்டு. அதை மறைக்க வேண்டாம். நம்மைப் போன்ற சிறு பங்கிற்கு ஆண்டவர் ஒரு நன்மை செய்திருக்கிறார். பிணம் தூக்க நாலு பேர் தேட வேண்டிய ஊரில் சாதி பார்த்து நிற்க முடியாது! வறுமை நமக்குக் கற்றுக்கொடுத்த அந்தப் பாடத்தை வசதி வந்த பிறகு மறந்துவிடக் கூடாது.

நம் நிலைமை நமக்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் என்றொரு மலைநாடு இருக்கிறது. ஆட்டு மந்தைகளும் மேய்ச்சல் நிலங்களும் நிறைந்த, ஊருக்கும் ஊருக்கும் வெகு தூரமான நாடு. அங்கே பதினாறாம் நூற்றாண்டு முதல் கத்தோலிக்க மறை தடைசெய்யப்பட்டது. ரிச்சர்டு குவின் என்ற பள்ளி ஆசிரியர், பிள்ளைகுட்டிக்காரர், விசுவாசத்திற்காக 1584-ல் கொல்லப்பட்டார். டேவிட் லூயிஸ் என்ற இயேசு சபைக் குரு முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடும்பம் குடும்பமாகத் தேடிச் சென்று பணிபுரிந்தார். ஏழைகளின் தந்தை என்று மக்கள் அவரை அழைத்தார்கள். 1679-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதே நாட்களில் அதே சபையைச் சேர்ந்த நம் அருளானந்தர் தமிழ் மண்ணில் நடந்துகொண்டிருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்! லூயிஸ் அடிகளும் குவின் ஆசிரியரும் 1970-ல் புனிதர்களாக உயர்த்தப்பட்டார்கள். அந்த நாட்டில் இப்போது குருக்கள் போதவில்லை. 2024-ல் கார்டிப், மெனேவியா ஆகிய இரண்டு மறைமாவட்டங்களையே ஒன்றாக இணைத்துவிட்டார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? உங்களில் சிலர் என்னிடம் தனியாக வந்து கேட்டீர்கள்: "வீடுகள் பூட்டிக் கிடக்கு, பிள்ளைக திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போயிட்டாக. நாளைக்கு நம்ம பங்கை வேற பங்கோட சேர்த்துருவாகளா சாமி?" இதற்கு என்னிடம் வாக்குறுதி இல்லை. பங்குகளை அமைப்பதும் இணைப்பதும் ஆயரின் பொறுப்பு. ஆனால் ஒன்றை நிச்சயமாகச் சொல்வேன். அறுபத்து நான்கு ஆண்டு வறட்சியைத் தாங்கிய விசுவாசம், ஒரு குரு இடம் மாறிப் போவதால் அழியாது. அதைச் சுமக்கும் தோள் இல்லாமல் போனால்தான் அழியும். நம் கடைசி உபதேசியார் கண்மூடிய பிறகு அந்த இடம் காலியாகவே இருக்கிறது. நம் பங்கின் உண்மையான ஆபத்து அதுதான்.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், பொதுநிலையினர் திருச்சபையின் விருந்தாளிகள் அல்லர், பங்காளிகள் என்று உணர்த்தியது. வழிபாடு நம் தாய்மொழிக்கு வந்தது. உபதேசியார்களின் உழைப்பை அந்தச் சங்கமே பாராட்டி எழுதியது. 2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ், வேதியர் பணியை ஆணும் பெண்ணும் ஏற்கக்கூடிய நிலையான திருப்பணியாக நிறுவினார். அடுத்த ஆண்டு, 2022 மே 15 அன்று, நம் தேவசகாயம் அவர்களைப் புனிதராக உயர்த்தினார். அவர் குரு அல்லர், துறவி அல்லர். மனைவியோடு வாழ்ந்த பொதுநிலையினர். வீரமாமுனிவர் அன்று அறிந்திருந்ததைத் திருச்சபை முழுவதும் இன்று உரக்கச் சொல்கிறது.

ஆகவே இந்தப் பொன்விழா ஆண்டில் உங்கள் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுப் பெரியவரிடம் உட்கார்ந்து, தாத்தா பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யார் அவர்களுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தது, எந்த உபதேசியார் வீட்டுக்கு வந்தார் என்று கேட்டு எழுதிக் கொடுங்கள். அந்தப் பெயர்களை எல்லாம் ஒரு புது ஏட்டில் எழுதி, ஞானஸ்நானப் பதிவேட்டின் பக்கத்திலேயே வைப்போம். காலம் கடத்த வேண்டாம். ஒரு பெரியவர் மறையும்போது நம் வரலாற்றில் ஒரு பக்கம் கிழிகிறது.

இரண்டாவது, ஊரை விட்டுப் போன பிள்ளைகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடாதீர்கள். திருவிழாவுக்கு வரி கேட்க மட்டும் அவர்களை நினைக்காமல், அவர்கள் இருக்கும் ஊரில் கோயிலுக்குப் போகிறார்களா, உடம்பு சுகமா என்று விசாரியுங்கள். சிதறி வாழ்வது நமக்குப் புதிதல்ல. நம் முன்னோரும் அப்படித்தான் வாழ்ந்தார்கள்.

மூன்றாவது, இதைச் சொல்லும்போது விழாக் குழுவினர் என்மேல் வருத்தப்படக் கூடாது. பொன்விழா நினைவாகக் கோபுரம் கட்ட வேண்டும் என்று நிதி சேர்க்கிறீர்கள். உங்கள் ஆசையை நான் மதிக்கிறேன். சாலையில் போகிறவன் பார்த்து, "இங்கே ஒரு கோயில் இருக்கிறது" என்று சொல்ல வேண்டும் என்ற ஆசை அது. கோபுரம் காத்திருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் ஒவ்வொரு கிளை ஊருக்கும் ஓர் ஆண், ஒரு பெண் என இருவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்புவோம். பயிற்சி நாட்களில் அவர்கள் இழக்கும் கூலியைப் பொன்விழா நிதியிலிருந்து கொடுப்போம். கூலி வேலைக்குப் போகிற ஏழையும் உபதேசியாராக முடியும் என்ற நிலை வந்தால்தான் இந்த வேண்டுகோளுக்குப் பொருள் உண்டு. மழை பெய்து ஓடையில் தண்ணீர் வந்து நான் வர முடியாத ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த ஊர்களில் விளக்கு எரியும். அதைவிட உயரமான கோபுரம் எனக்குத் தெரியவில்லை. இது என் ஆணை அல்ல. பங்குப் பேரவை கூடி, மக்களைக் கேட்டு முடிவு செய்யட்டும்.

அன்பு மக்களே, நான் இன்னும் சில ஆண்டுகளில் வேறு பங்கிற்கு மாற்றலாகிப் போய்விடுவேன். இங்கே பணிபுரிந்த குருக்களின் பெயர்கள் ஆலயச் சுவரில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்த வரிசையில் என் பெயரும் ஒரு வரியாகச் சேரும். ஆனால் நம் பங்கின் வரலாற்றை எழுதியவர்கள் அந்தச் சுவரில் இல்லை. இரும்புத் துண்டைத் தட்டி ஊரைக் கூட்டியவர்கள், இருட்டில் நடந்தவர்கள், செபமாலையை விடாமல் பிடித்தவர்கள், அவர்களே எழுதினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இதோ என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். எஞ்சிய பக்கங்களை எழுத வேண்டியவர்கள் நீங்கள்.

நாம் சிறு மந்தைதான். சிறு மந்தையை அஞ்ச வேண்டாம் என்று சொன்ன ஆண்டவர் நம்மோடு இருக்கிறார். பனிமய அன்னை நமக்காக வேண்டிக்கொள்வாராக.